உரிமையாளர்: தனிப்பனை

கட்டைபறிச்சானில் உள்ள எங்கள் அரை ஏக்கர் வளவு ஒரு பனைமரத்துக்குச் சொந்தமானது. இதை நான் சொல்லவில்லை. இணையம் சொன்னது. இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு நின்று கேட்டோம்.

அதுவரை வளவு அம்மாவுடையது என்றுதான் நினைத்திருந்தோம். சீதனமாக அம்மாவின் பெயருக்கு எழுதப்பட்டது. எங்கள் பக்கத்தில் வளவு பெண்ணுக்குத்தான் போகும்; ஆம்பிளை வந்து குடியிருப்பார். காணிப் பத்திரமான உறுதியும் அம்மாவின் கையில் இருந்தது. இரண்டாயிரத்தாறு ஆவணியில் ஷெல் விழத் தொடங்கிய காலையில் அம்மா வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எடுத்துக்கொண்டவை மூன்று: பொலித்தீனில் சுற்றிய உறுதி, எங்கள் இருவரின் அடையாள அட்டைகள், தெற்கு எல்லையில் நிற்கிற தனிப்பனையிலிருந்து இரவு விழுந்து கிடந்த ஒரு பனம்பழம். என்னுடைய பட்டச் சான்றிதழை வீட்டிலேயே விட்டுவிட்டோம். பனம்பழத்தை வழியில் சூப்பினோம். பட்டத்தை எடுத்து வந்திருந்தால் அதைச் சூப்ப முடிந்திருக்காது. அம்மாவின் தெரிவு சரி.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான்கு வருடம் அரசியல் விஞ்ஞானம் படித்தேன். அரசு என்றால் என்ன என்று பல வெள்ளைக்காரர்கள் சொன்னதை எழுதிச் சித்தியடைந்தேன். சரியான விடை ஓர்ஸ் ஹில்லில் இரண்டாம் மாடியில் இருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்றரை வருடமாக லிங்கநகரில், குணேஸ்வரிச் சித்தி வீட்டின் பின்பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருந்தோம். அப்போதுதான் அறிவித்தல் வந்தது. ஊருக்குத் திரும்ப விரும்புவோர் தங்கள் காணியின் உரித்தை இணையத்தில் உறுதிப்படுத்தி, அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, முத்திரை குத்தி, சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். பங்குனி முப்பத்தோராம் திகதிக்குள் உறுதிப்படுத்தாத காணிகள் ‘உரிமை கோரப்படாதவை’ ஆகிவிடும். உரிமை கோரப்படாத காணிகளை அரசு அன்போடு பொறுப்பேற்கும்.

“இணையத்தில பாக்கிறது எண்டால் இங்கினேக்க நெற் கபேயில பாக்கலாந்தானே?” என்றாள் அம்மா. அவளுக்கு என்னைவிட உலகம் தெரியும்.

பார்க்க முடியவில்லை. பாதுகாப்புக் காரணங்களுக்காக இணையத்தளத்தின் முகவரி வெளியிடப்படவில்லை. அதைப் பார்ப்பதற்கு நேரில் போக வேண்டும்.

காணி உரித்து இணைய நிலையம் என்ற பெயர்ப்பலகையின் கீழே ‘உங்கள் காணி உங்கள் விரல் நுனியில்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. உள்ளே எழுபது பேர் இருந்தார்கள். கதிரை பன்னிரண்டு. ஒரு கண்ணாடி அறைக்குள் கணினி இருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். தூசி படக்கூடாது என்று செருப்புடன் உள்ளே விடுவதில்லை. திரை உத்தியோகத்தரின் பக்கம் திரும்பியிருக்கும். பொதுமக்கள் அதை நேரடியாகப் பார்ப்பதற்கு வேறு படிவம் உண்டு. அந்தப் படிவம் முடிந்துவிட்டிருந்தது.

எங்களுக்கு முன்னால் மூதூரிலிருந்து வந்த ஆமினா உம்மா இருந்தார். எங்கள் வளவுக்கு வடக்கே அவருடைய தோட்டக்காணி. மூதூர் ஆட்கள் முதலே திரும்பிவிட்டதால் அவர் சொந்த வீட்டில்தான் இருந்தார். ஆனால் கட்டைபறிச்சான் தோட்டத்துக்குள் அவரையும் விடவில்லை.

“நான் நாலாந்தரமா வாறன் இராசமலர்,” என்றார் அம்மாவிடம். “விடிய லோஞ்சுப் படகில ஏறினா அசர் தொழுகைக்குத்தான் திரும்பலாம். ஒவ்வொரு நாளும் இவங்கட ஏசிக்குள்ள நிண்டு சளி புடிச்சிட்டு.”

“உங்கட காணி கிடைச்சுதோ?”

“கிடைச்ச. ஆனா அது என்ட இல்லயாம்.”

“ஆற்றையாம்?”

“கிணத்திட.”

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவள் போல இருந்தாள். அந்த நேரம் எங்கள் இலக்கம் வந்தது.

உதவி இணைய உத்தியோகத்தர் கனகசுந்தரம் ஐம்பது வயதுக்காரர். இரண்டு விரலால் மட்டும் தட்டச்சு செய்வார். மற்ற எட்டையும் அந்த நேரத்தில் மேலே தூக்கி வைத்திருப்பார். அம்மா உறுதியை நீட்டினாள். அவர் உறுதி இலக்கத்தை மட்டும் வாசித்துத் தட்டிவிட்டு, மற்றதை எச்சில் இலையைத் தள்ளுவதுபோலத் தள்ளினார்.

“உரிமையாளர், தனிப்பனை,” என்றார்.

“தெற்கெல்லை தனிப்பனைதான் ஐயா. உரிமையாளர் ஆர் எண்டு பாருங்கோ.”

“அதைத்தான் வாசிச்சனான். உரிமையாளரின் பெயர் தனிப்பனை. தெற்கெல்லை வெறுமையாக் கிடக்கு.”

எப்படி இது நடந்தது என்பதைப் பிறகு அறிந்தேன். மாவட்டத்து உறுதிகளையெல்லாம் கொழும்பில் ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருந்து கணினிக்குள் ஏற்றினார்கள். அவர்களுக்குக் கொடுத்த மாதிரி உறுதியில் சொந்தக்காரரின் பெயர் கடைசி வரியில் இருந்தது. ஆகவே கடைசி வரியில் வருகிற பெயரை உரிமையாளர் கட்டத்தில் போடு என்று கட்டளை. எங்கள் உறுதிகளில் கடைசி வரியில் வருவது எல்லை. பழைய நொத்தாரிசுமார் எல்லையை எப்படி எழுதுவார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்: வடக்கே ஆமினா உம்மாவின் காணி, கிழக்கே ஒழுங்கை, மேற்கே பங்குக்கிணறு, தெற்கே தனிப்பனை. ஆமினா உம்மாவின் உறுதியை எழுதிய நொத்தாரிசு வேறு ஆள். அவர் கிணற்றைக் கடைசியில் வைத்தார். இப்படியாகத் திருகோணமலை மாவட்டத்தில் மரங்களும் மதகுகளும் வாய்க்கால்களும் ஒரே கிழமையில் காணிச் சொந்தக்காரர் ஆகின. அரசுப் பாதையான ஒழுங்கையைக் கடைசியில் எழுதிய நொத்தாரிசுகளின் புண்ணியத்தில் அரசுக்கும் கொஞ்சம் சேர்ந்தது. அதில் மட்டும் ஒருவரும் பிழை காணவில்லை.

“சேர்,” என்றேன் நான். “இது தரவு ஏற்றின பிழை. உறுதி உங்கட மேசையில கிடக்கு. முதல் பக்கத்தில அம்மாவின்ர பேர் இருக்கு. வாசிச்சுப் பாத்துத் திருத்துங்கோ.”

“திருத்தலாம். அதுக்குத்தான் திருத்தப் படிவம் இருக்கு.” அவர் முகம் மலர்ந்தது. ஒரு படிவத்தை எடுத்தார். “இதில உரிமையாளர் கையொப்பம் வைக்கவேணும்.”

“அம்மாதான் உரிமையாளர்.”

“அம்மா உரிமையாளர் எண்டு திருத்தினாப் பிறகு அம்மா வைக்கலாம். திருத்துறதுக்கு இப்போதைய உரிமையாளர் வைக்கவேணும்.”

“இப்போதைய உரிமையாளர் பனைமரம்.”

“ஓம்.”

“பனைமரம் எப்பிடிக் கையொப்பம் வைக்கும்?”

கனகசுந்தரம் சிறிது யோசித்தார். நல்ல மனிதர்.

“கையொப்பம் ஏலாட்டில் பெருவிரல் அடையாளம் எடுக்கிறனாங்கள்,” என்றார்.

நான் சத்தம் போட்டேன். நான் போட்ட சத்தத்துக்கு ஒரு கதவு திறந்தது. எங்களைத் திட்டப் பணிப்பாளர் ஞானசேகரம் அவர்களிடம் கூட்டிப் போனார்கள். மேசைக்குப் பின்னால் மாவட்ட வரைபடம் தொங்கியது. அதில் எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது.

“படிச்ச பிள்ளை போல இருக்கு,” என்றார். “என்ன படிச்சது?”

“அரசியல் விஞ்ஞானம்.”

“அதுதான்.” அவர் சாய்ந்து உட்கார்ந்தார். “பிள்ளை, நான் இருபத்தேழு வருஷம் காணி நிர்வாகத்தில இருக்கிறன். இதுவரைக்கும் ஒருத்தற்றை காணியிலயும் கால் வைச்சதில்லை. ஏன் எண்டு கேளும். காணியைப் பாத்தால் மனம் ஒரு பக்கம் சாயும். இது இவற்றை வீடு, இது இவற்றை கிணறு எண்டு கண்ணுக்குத் தெரியும். பிறகு நடுநிலை எங்க? கணினி இந்த விஷயத்தில என்னை விட உயர்ந்தது. அது காணியையும் பாத்ததில்லை, ஆக்களையும் பாத்ததில்லை.”

“பாக்காததால தானே சேர் பனையைச் சொந்தக்காரர் எண்டுது?”

“அதுதான் நீதி எண்டுறது. ஆளைப் பாக்காது. ஒரு பனைக்குக் காணி கிடைச்சா உங்களுக்குக் கோபம் வருது. அயலவனுக்குக் கிடைச்சிருந்தா வெட்டுக்குத்து. இந்த மாவட்டத்தில காணிச் சண்டையில எத்தினை உயிர் போயிருக்கு. எங்கட திட்டம் வந்த பிறகு ஒரு பனையும் ஒரு கிணத்தோட சண்டை பிடிச்சதில்லை.”



அம்மா உறுதியை மேசையில் வைத்து, அவர் பக்கமாகத் திருப்பினாள். “ஐயா, ஒருக்கா இதைப் பாருங்கோவன்.”

“அம்மா, இது கடதாசி. கடதாசி எரியும். கறையான் அரிக்கும். வெள்ளத்தில கரையும். இணையத்தில ஏறினது அழியாது. எந்த நேரமும் எங்கயிருந்தும்…”

மின்சாரம் நின்றது. குளிரூட்டி பெருமூச்சு விட்டு அடங்கியது. வெளியே கனகசுந்தரம் “சேவ் பண்ணேல்ல, சேவ் பண்ணேல்ல” என்று யாரிடமோ முறையிடுவது கேட்டது. பணிப்பாளர் அரை இருட்டிலும் பேச்சை நிறுத்தவில்லை. சன்னலால் வந்த வெளிச்சத்தில் அந்த அறையில் வாசிக்கக்கூடியதாக இருந்தது அம்மாவின் உறுதி மட்டும்தான். இராசமலர் என்ற பெயர் பெரிதாகவே தெரிந்தது. அவர் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

முடிவாக அவர் ஒரு சலுகை தந்தார். உரிமையாளரால் நேரில் வர முடியாவிட்டால் அவருடைய அண்மைக்கால நிழற்படம் ஒன்றைக் கொண்டுவந்தால் போதும். சோதனைச் சாவடிக்கு அப்பால் படம் எடுப்பது குற்றம் என்று நான் சொன்னேன். அது வேறு திணைக்களம் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் ஆமினா உம்மா எங்களுக்காகக் காத்திருந்தார்.

“தங்கச்சி, உங்களுக்கொரு கெட்ட செய்தி,” என்று அம்மாவின் கையைப் பிடித்தார். “முந்தநாத்து பஸ்ஸில போகக்க பாத்தன். உங்கட பனையத் தறிச்சிட்டாங்க. மூணு துண்டாப் போட்டு, ரோட்டோரம் ஆமிட காவல் சென்றிக்கு அடுக்கி வச்சிரிக்கி.”

அந்தப் பனையைப் பார்த்துத்தான் அம்மா ஊருக்கு வழி சொல்வாள். ‘தனிப்பனைக்கு இங்கால’ என்பாள்.

உள்ளே இந்தச் செய்தியைச் சொன்னதும் கனகசுந்தரத்தின் முகம் தெளிந்தது. “இதை முதலே சொல்லியிருக்கலாமே. உரிமையாளர் உயிரோட இருந்தால்தான் சிக்கல். இறந்தால் வேலை லேசு.” இன்னொரு படிவத்தை எடுத்தார். “மரணச் சான்றிதழ் வேணும்.”

“எங்கட கிணத்த யாரும்மா சாக்காட்டுற?” என்றார் ஆமினா உம்மா பின்னாலிருந்து. “உங்களுக்கென்ன, உங்கட ஆள் மவுத்தாகிட்டு.”

கிராம உத்தியோகத்தர் சோமசேகரமும் எங்களோடு இடம்பெயர்ந்தவர்தான். ஊர் இல்லாத ஊரின் உத்தியோகத்தராக, லிங்கநகரில் ஒரு வாடகை வீட்டு முன்விறாந்தையில் மேசை போட்டு நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்தக் கிழமையில் மட்டும் இரண்டு முதிரை மரத்துக்கும் ஒரு பாலத்துக்கும் அறிக்கை எழுதியிருந்தார்.

“இறந்தவரின் பெயர், தனிப்பனை. இறந்த இடம், தெற்கெல்லை. காரணம்?” பேனையை நிறுத்தினார்.

“தறிச்சது,” என்றேன்.

“ஆர்?”

“சென்றியில இருக்கிறவை.”

அவர் பேனையை மூடினார். விறாந்தைக்கு வெளியே ஒருமுறை பார்த்தார். “தங்கச்சி, எனக்கு மூண்டு பிள்ளையள்.”

“நீங்கள் என்னவும் எழுதுங்கோ,” என்றாள் அம்மா.

அவர் பேனையைத் திறந்தார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கை பழகியிருந்தது. ‘இனந்தெரியாத நபர்களால் வெட்டப்பட்டு மரணம்’ என்று எழுதினார். “இது எல்லாருக்கும் பொருந்தும்,” என்றார்.

பதிவாளரின் கந்தோரில் எழுதுவினைஞர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “உடல் இருக்கோ?”

“இருக்கு,” என்றேன். “சென்றியில. மூண்டு துண்டு.”

“அப்ப பிரச்சினையில்லை,” என்றார்.

மூன்றாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. பெயர், இடம், திகதி, முத்திரை எல்லாம் இருந்தன. அம்மா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். என் அப்பா தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு காலை துறைமுகத்து வேலைக்குப் போனவர். வாசலில் மறித்து விசாரித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு கண்டவர்கள் இல்லை. அம்மா பதினெட்டு வருடமாக அவருடைய மரணச் சான்றிதழுக்கு நடக்கிறாள். ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வி அதே கேள்விதான். உடல் இருக்கோ?

“வடிவான எழுத்து,” என்றாள் அம்மா. மடித்து, உறுதியோடு சேர்த்துப் பொலித்தீனுக்குள் வைத்தாள்.

பங்குனி இருபத்தைந்தாம் திகதி மறுபடியும் செருப்பைக் கழற்றினோம். கனகசுந்தரம் சான்றிதழைக் கண்ணாடிக்கு மேலாலும் கீழாலும் பார்த்தார். மரியாதைக்காக ஒரு கணம் தலையைக் குனிந்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு தட்டினார்.

“உரிமையாளர் காலமானார். வாரிசுகள்?”

“வாரிசா?”

“வாரிசு இல்லாட்டில் காணி அரசுக்குப் போகும். அதுவும் லேசுதான். ஒரு பட்டன்.” அவருடைய வலது சுட்டுவிரல் மேலே எழுந்து நின்றது.

நான் என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்ததில் பாதியையும் படிக்காததில் முழுவதையும் பேசினேன் என்று ஆமினா உம்மா பிறகு சொன்னார். பணிப்பாளர் வெளியே வந்தார். சுட்டுவிரல் அப்படியே நின்றது. அம்மா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“ஐயா, வாரிசு இருக்கு,” என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான்.

“ஒரு பழத்தில மூண்டு கொட்டை. நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு அந்தப் பனையின்ர பழம் ஒண்டு கொண்டு வந்தனாங்கள். கொட்டையை லிங்கநகரில ஒரு உரப்பைக்குள்ள மண் போட்டு வைச்சனான்.”

“ஆக மூன்று வாரிசுகள்,” என்றார் பணிப்பாளர் ஆர்வத்தோடு. “மூவரும் எங்கே?”

“ரெண்டைக் கிழங்காக் கிண்டி அவிச்சுச் சாப்பிட்டிட்டம்.”

கனகசுந்தரம் மேலே நின்ற சுட்டுவிரலை மடக்கினார்.

“பசி ஐயா,” என்றாள் அம்மா.

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். “கனகசுந்தரம், இருவர் இடம்பெயர்வின்போது காலமாகினர் என்று போடும். மூன்றாவது ஆள்?”

“அது நிக்குது. ரெண்டு ஓலை விட்டிட்டுது.”

அன்றுதான் அந்த அலுவலகத்தில் அப்படி ஓர் உற்சாகத்தைக் கண்டேன். இவ்வளவு நாளும் எங்களுடைய வேலையில் அவர்களுக்குப் பிடித்ததாக ஒன்றும் இருக்கவில்லை. இப்போது முறைப்படி ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. நால்வர் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இறந்த உரிமையாளரின் உயிரோடிருக்கும் ஒரே வாரிசு. வயது ஒன்றரை. பராயமடையாதவர்.

“பால்?” என்றார் கனகசுந்தரம்.

“விளங்கேல்லை ஐயா.”

“ஆணோ பெண்ணோ?”

“ஆண்பனையோ பெண்பனையோ எண்டது பூத்தால்தான் தெரியும்,” என்றாள் அம்மா. “பதினைஞ்சு வருஷம் செல்லும்.”

“அம்மா, இது கட்டாயமாக நிரப்பவேண்டிய கட்டம். நிரப்பாட்டில் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது.”

இதைப்பற்றி இருபது நிமிடம் ஆலோசித்தார்கள். தாய்ப்பனை காய்த்ததால் பிள்ளையும் பெண் என்று ஒருவர் வாதிட்டார். காணி உரித்து விஷயத்தில் ஆண் என்று போடுவதே வழமை என்று பணிப்பாளர் சொன்னார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கே மதியச் சாப்பாடு. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு கடவுச்சொல் வந்தது. அதைப் போட்டால் ஒரேயொரு கட்டத்தை, ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற நிபந்தனையோடு, வெறுமையாக விடலாம்.

பராயமடையாத உரிமையாளருக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டார். அம்மாவின் பெயர் பதியப்பட்டது. சீதனமாகத் தனக்கு எழுதின காணியை, அதில் விழுந்த பனங்கொட்டையின் சார்பில், அம்மா இனிப் பராமரிக்கலாம். கொட்டையைப் படுமோசமாக வளர்த்தால் சட்ட நடவடிக்கை உண்டு.

“இதுக்கு நீங்கள் ஓமெண்டாதேங்கோ அம்மா,” என்றேன். “இது எங்கட காணி. கொட்டைக்குக் காவல் இருக்கிறதுக்கு நாங்கள் ஏன் கையெழுத்து வைக்கவேணும்?”

“பிள்ளை, நீ சொல்லுறது சரி,” என்றாள் அம்மா. கையெழுத்து வைத்தாள். “நீ சரியா இரு. நான் வீட்டுக்குப் போறன். பேருக்கு ஆர் எண்டாலும் இருக்கட்டும். அதில போய்ப் படுக்கிறது நாங்கள்தானே.”

பணிப்பாளர் எழுந்து நின்று பிரதியைக் கையளித்தார். யாரோ படம் எடுத்தார்கள். “பாத்தீங்களோ?” என்றார். “தொழில்நுட்பம் எவ்வளவு வேகமா ஒரு பிரச்சினையைத் தீர்க்குது. கடதாசியோட மட்டும் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே உங்களுக்கு வந்திருக்காது.” தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்தார். பிறகு கைதட்டும்படி மற்றவர்களுக்குச் சைகை காட்டினார்.

ஆமினா உம்மா வாசல்வரை வந்தார். “போய்ச் சேந்தா என்ட தோட்டத்துப் பக்கமும் ஒரு கண் வச்சிக்குங்க,” என்றார். “நான் கிணத்துக்கு அடையாள அட்டை எடுக்கப் போறன்.”

பங்குனி முப்பதாம் திகதி விடிய முதல் லோஞ்சில் ஏறினோம். ஒரு உடுப்புப் பை, ஒரு சட்டி, ஒரு மண்வெட்டி, உரப்பைக்குள் உரிமையாளர். துறைமுகத்து இறங்குதுறைச் சோதனையில் உரப்பையைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். “பாத்துக் குத்துங்கோ, வேர் கிடக்கு,” என்றாள் அம்மா. கொட்டியாரக் குடாவைக் கடக்கும்வரை அதை மடியில் வைத்திருந்தாள். உப்புத் தண்ணீர் தெறிக்காமல் சேலைத் தலைப்பால் ஓலையை மூடினாள். மூதூரில் இறங்கி, பஸ் பிடித்து, பத்து மணிக்குச் சாவடிக்கு வந்தோம்.

அங்கிருந்து எங்கள் வளவு தெரியும். கூரை இல்லை. சுவர் நின்றது. வேலி இருந்த இடத்தில் முள்ளுக்கம்பி. சாவடியின் மண்மூட்டைகளுக்குக் கீழே மூன்று பனந்துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மா அவற்றைப் பார்த்தாள். எங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்த சிப்பாய் அவற்றின்மேல்தான் ஒரு காலை வைத்திருந்தான்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பிரதியை வாசித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். பட்டியலில் விரலை ஓட்டினான்.

“இருக்கு,” என்றான் தமிழில். எங்களுக்கு மூச்சு வந்தது. “தனிப்பனை. யாரு?”

அம்மா உரப்பையைக் காட்டினாள்.

அவன் பையைப் பார்த்தான். பிரதியைப் பார்த்தான். தலைமுடியைச் சொறிந்தான். உள்ளே போய் ஒரு அதிகாரியோடு சிங்களத்தில் கதைத்துவிட்டு வந்தான்.

“அம்மா, ஓனர் போகலாம். பிரச்சினை இல்ல.”

“சரி தம்பி. வா பிள்ளை.”

“இல்ல, இல்ல. ஓனர் மட்டும். லிஸ்ட்ல ஓனர் மட்டும்தான் இருக்கு.”

“நான் பாதுகாவலர். இதில எழுதியிருக்கு.” அம்மா விரலை வைத்துக் காட்டினாள்.

“பாதுகாவலர் எழுதியிருக்கு. உள்ளே விடச் சொல்லி எழுதல்ல.”

“தம்பி, இது சின்னன். தனிய எப்பிடிப் போகும்?”

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

நான் தடுக்கப் போனேன். அம்மா கையால் என்னை மறித்தாள். “நாளையோட திகதி முடியுது,” என்றாள் மெதுவாக. “வாரிசு போய்ச் சேராட்டில் அந்த விரல் பட்டனை அமத்திப் போடும்.” உரப்பையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். மண்வெட்டியையும் கொடுத்தாள். மண்வெட்டியைப் பட்டியலில் பதிய வேண்டுமா என்று அவன் யோசித்தான். பதியவில்லை.

“அடியைப் பிடியுங்கோ. கழுத்தில பிடியாதேங்கோ,” என்று அம்மா முள்ளுக்கம்பிக்கு இப்பால் நின்று சொன்னாள். அவன் நடந்தான். “இன்னும் அங்கால. கிணத்துக்கு நேரே போய் இடப்பக்கம். அடிக்கட்டை தெரியுதோ? அதுக்குப் பக்கத்தில. ஓம், அதிலதான். முழங்கை ஆழம் வேணும், தம்பி. பையைக் கிழிச்சிட்டு வையுங்கோ.”

அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டினான். ஊரில் பிள்ளையாக இருந்தபோது எங்கோ நட்டுப் பழகியவன்போல, கையால் மண்ணை இறுக்கினான். எங்கள் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினான். பிறகு திரும்பி வந்து மண்வெட்டியைத் தந்தான். பட்டியலில் தனிப்பனை என்ற பெயருக்கு நேரே ஒரு சரி போட்டான். கீழே ‘மீளக் குடியமர்ந்தோர்’ என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினான்.

“வெச்சாச்சு, அம்மா,” என்றான். அவனுடைய கைகளில் எங்கள் வளவு மண் ஒட்டியிருந்தது. அதை அவன் இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைப்பவன்போல நீளக்காற்சட்டையில் துடைத்தான்.

அம்மா கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டு ஓலை வெயிலில் நின்றன.

“நேராத்தான் வைச்சிருக்கிறீங்கள்,” என்றாள். மண்வெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் பிரதியை மடித்தாள். பொலித்தீனுக்குள் வைக்கமுன் மறுபடியும் விரித்து, ஓரிடத்தைத் தேடி, அவனுக்குக் காட்டினாள்.

“தம்பி, அது பூத்தால் ஆணோ பெண்ணோ எண்டு எங்களுக்கு ஒருக்கா அறிவிச்சு விடுங்கோ. இதில ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்கு.”